மூன்றாவது பாலத்து நரி

அன்பு மகள் ஃபுமிகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சாப்பாடு தூக்கம் குறையாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மேப்பிள் இலை சிவந்து கொட்டவும் தொடங்கிவிட்டது, காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது, உங்கள் வடகோடி டாம்பெரே ஊரில் இந்நேரம் மதியச் சாப்பாட்டுக்கே விளக்குப் போட்டிருப்பீர்கள். ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் உன் அம்மா இருக்கிறாள், நான் சொல்ல வேண்டியதோ அவள் காதில் விழக்கூடாதது. அதனால் அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் துண்டு துண்டாக எழுதுகிறேன். நடுவில் கையெழுத்து மாறியிருந்தால் கை நடுங்குகிறது என்று முடிவு கட்டிவிடாதே, பேனா மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக ஆகி இப்போது என் சட்டைக் காலர் அழுக்கெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் எனக்குத்தான் கஷ்டம். பெர்சிமன் பழங்களைத் தோல் சீவிக் கூரை ஓரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், நீ வருவதற்குள் காய்ந்து சர்க்கரை பூத்துவிடும். பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, அவ்வளவுதான். கீழே ஹமடா டவுனுக்கு இறங்கிக் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மீன் வாங்கலாம் என்று போனால், டாக்டர் பத்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறார், அப்புறம் சாயந்திர பஸ் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சில் மீன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற முடியாததால் வீட்டில் ஒரே ஓர் அடுப்புதான் எரிகிறது, அம்மா இருக்கும் அறையில்தான் நானும் இருந்தாக வேண்டியிருக்கிறது. நம் காரை என்னிடமிருந்து விலைக்கு வாங்கிய மீன்காரன் தினமும் காலையில் அதே காரை நம் வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போகிறான், ஓட்டுகிறவர் வயசானவர் என்று காட்டப் பின்னால் நான் ஒட்டிய முதியோர் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை, முப்பது வயசுக்காரன். அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், இந்த மலை மேல் அடைபட்டுக் கிடக்கிறேன் ஃபுமிகா. மூச்சு முட்டுகிறது.

லைசென்ஸை நானாகத்தானே திருப்பிக் கொடுத்தேன், இப்போது என்ன புலம்பல் என்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன். போன புத்தாண்டுக்கு நீ வந்திருந்தபோது, வளைவில் காரை நான் தடுப்புக் கம்பியில் உரசிவிட்டதை அம்மா உன்னிடம் போட்டுக்கொடுத்தாள், நீ சூப்பில் இருந்த அரிசிக் கட்டியை மெல்லாமலேயே "அடுத்த வருஷம் நான் வர்றதுக்குள்ள லைசென்ஸக் குடுத்துருங்கப்பா, உங்களுக்காக இல்லேன்னாலும் ரோட்டுல போற புள்ளைங்களுக்காக" என்று சொன்னாய். நான் கோபத்தில், எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், என் கை எனக்குச் சொல்லும், தினமும் காலையில் டிவியில் ஆடுகிற நரி விளையாட்டில் முதல் மலையைத் தாண்டிவிட்டுத்தான் சாவியையே எடுக்கிறேன், என்றைக்கு மூன்றாவது பாலத்தில் மூன்று உயிரும் போகிறதோ அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை, சரிப்பா என்று மட்டும் சொன்னாய். நாம் காபிக் கடை நடத்திய காலத்தில் மேசைக்கு மேசை கண்ணாடிக்கு அடியில் வீடியோ விளையாட்டு இருந்தது, அதன் மேலேயே நோட்டை விரித்து நீ வீட்டுப்பாடம் எழுதியவள், அந்த நரியை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தத்தித் தத்தி ஓடும், மூன்றாவது பாலம் நடுவில் உடைந்திருக்கும், கடைசிப் பலகையின் நுனியில் கால் வைக்கும்போது பட்டனை அமுக்க வேண்டும், ஒரு துளி பிந்தினாலும் ஆற்றில்தான்.

என் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய கறுப்புப் பெட்டி வந்தது. "பழைய விளையாட்டெல்லாம் பெரிய டிவியில தத்தாம ஓடும்ப்பா, அம்மாவுக்கும் தலை சுத்தாது" என்று சீட்டில் எழுதியிருந்தாய். விளையாட்டு மெஷினுக்கும் டிவிக்கும் நடுவில் மாட்டிப் பார்த்தால் நரி எண்ணெய் தடவின மாதிரி ஓடுகிறது. யாரோ அதற்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காலைச் சுற்றியும் வாலைச் சுற்றியும் லேசாக ஒரு புகை மாதிரி கலங்குகிறது, அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாகத் திரையைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்ட உன் அம்மா, பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, இது இவ்வளவு அழகான மலையா, எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். நான் பெருமையாக உட்கார்ந்தேன். மூன்றாவது பாலத்தில் விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். மூன்றாவது உயிரும் போனது. மறுநாள் காலையிலும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. என் விரல் அமுக்கிவிட்டது என்று எனக்குத் தெரிகிறது, நரி அப்புறம்தான் கேட்கிறது. மூளையிலிருந்து கைக்குப் போகிற வழியில் என்னவோ ஆகிவிட்டது, என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் காரணம் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் கடைசியாகக் கார் ஓட்டியது. காரை அங்கேயே விட்டுவிட்டேன், திரும்பி வரும்போது பஸ்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஊர்ச் சங்கத் தலைவர் கஜிதானி கூட்டத்தில் எல்லார் எதிரிலும் எழுந்து, யாரும் சொல்லாமல் தன் வயதைத் தானே உணர்ந்த மனிதர் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சுப் பேசி, ஊரே கை தட்டி, அதைக் கேட்ட இரண்டு பேர் வீட்டில் சண்டை போட்டுத் தாத்தாக்களின் லைசென்ஸைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு தாத்தாக்களும் இப்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மாவோ, "இப்பதாங்க நான் நிம்மதியாத் தூங்குறேன், நீங்க இவ்வளவு நல்லவரா இருப்பீங்கன்னு நினைக்கல" என்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை நல்லவர் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

இப்படி இருக்கும்போது போன மாதம் டோஸோனோ வந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், கடையில் ஜன்னலோர மேசையை ஒரே ஒரு காபிக்கு மத்தியானம் முழுக்கப் பிடித்துக்கொண்டு விளையாடுவானே, அவன்தான். தன் காரில் வந்து, வேண்டுமென்றே வாசலில் ஹாரன் அடித்து, "என்னய்யா கியொஹரு, போலீஸ்ல போய்ச் சரணடைஞ்சிட்டியாமே, எவனைய்யா கொன்ன" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். நரியைப் போட்டுக் கொடுத்தேன். என்னைவிட நாலு வயசு சின்னவன், அந்தக் காலத்தில் எங்கள் கடையில் அவன் பெயர்தான் திரையில் மேலே இருக்கும். மூன்றாவது பாலத்தில் அவனும் விழுந்தான், அடுத்த உயிரிலும் விழுந்தான். உன் அம்மா இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "யோவ், இந்த நரி அமுக்கினா குதிக்க மாட்டேங்குது, யோசிச்சுட்டுக் குதிக்குது, நடுவுல என்னத்தய்யா மாட்டி வச்சிருக்க" என்று பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை நேராக டிவியில் செருகினான். நரி பழையபடி தத்தித் தத்தி ஓடியது, அவன் ஒரு உயிரும் போகாமல் மலையைத் தாண்டிவிட்டு எனக்குச் சல்யூட் அடித்தான். அம்மா அதற்குள் அடுக்களைக்குப் போயிருந்தாள். நான் அவனிடம், இந்த விஷயம் வெளியே போனால் உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவன் போனதும் எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. டிவிப் படத்தை வழவழப்பாக்கும் அந்த வேலையில் நீ சேர்ந்த புதிதில், குளிருக்குக் காலை நீட்டி உட்காரும் நம் கணப்பு மேசை மேல் இந்தப் பக்கம் ஒரு கமலா ஆரஞ்சும் அந்தப் பக்கம் ஒன்றும் வைத்து, "நடுவுல இல்லாத ஆரஞ்ச வரையணும்னா, ரெண்டாவது வந்து உக்கார்ற வரைக்கும் காத்திருக்கணும்ப்பா, நிஜப் படம் ரெண்டுக்கு நடுவுல நாங்களே ஒரு படத்தை உண்டாக்கி வைக்கிறோம், அதான் எங்க வேலை" என்று விளக்கினாயே, இந்தப் பெட்டி செய்வதும் அதையேதான். பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் கைக்கு லேட்டாக வரும் என்றும் அன்றைக்குச் சொன்னாயா, அல்லது அதை நானே இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பதும் இரண்டு நிஜப் படங்கள்தான். ஒன்று புத்தாண்டு அன்று நீ சிரிக்காமல் சரிப்பா என்றது, இன்னொன்று பிறந்த நாளுக்கு வந்த பெட்டி. நடுவில் என்ன இருந்தது என்று இந்த அறையில் உட்கார்ந்து நானே வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு நாள் வரைந்தால் உனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஆசையாக அனுப்பினாய். அப்போது வேலை தெரியாதவளையா இவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தோம் என்று தோன்றுகிறது. மறுநாள் வரைந்தால் எல்லாம் தெரிந்துதான் செய்தாய். அப்போது வேலை தெரிந்தவள்தான், ஆனால் என் கையைப் பற்றி எனக்கே அந்தப் பெட்டியைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி என்று ஃபோனுக்கே வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா, வயிறு நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி இல்லாமல் விளையாடினேன், சுத்தமாகத் தாண்டினேன். எழுந்து நின்றேன், சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தேன், ஆணி மட்டும்தான் இருந்தது. போன லைசென்ஸ் போனதுதான், வேண்டுமென்றால் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும், முன்மாதிரி மனிதர் என்று கை தட்டிய ஊருக்குமுன் அது முடியுமா சொல். இதற்கு நடுவில் அம்மா, "எங்கேங்க அந்த வழவழ மலை, திரும்பப் போடுங்க" என்று கேட்டாள், மறுக்கக் காரணம் சொல்ல முடியாததால் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். வேறு வேலை இல்லாதவன் என்ன செய்வான், தினமும் அவளோடு உட்கார்ந்து ஆடி ஆடி, பலகையின் நுனி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அமுக்கப் பழகிவிட்டேன், இப்போது பெட்டியோடும் தாண்டுகிறேன். அந்தச் சந்தோஷத்தில் போன வாரம் பெட்டியைக் கழற்றிவிட்டு ஆடினால் விழுகிறேன், இந்தத் தடவை முந்திக் குதித்து விழுகிறேன். திரும்பப் பழகலாம் என்றால் அவள் வழவழ மலையைக் கேட்கிறாள். இனிமேல் பெட்டி சொல்வதையும் நம்ப முடியாது, பெட்டி இல்லாமல் நரி சொல்வதையும் நம்ப முடியாது. என் கைக்கு என்ன வயசு என்று எனக்குச் சொல்ல இந்த வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது ஃபுமிகா, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, பஸ் இல்லாததுகூட இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதத்தில் பாதிதான் இருக்கும். அந்தத் தடுப்புக் கம்பியை நான் பார்த்தேன். பார்த்துத்தான் திருப்பினேன், கார் அப்புறம்தான் திரும்பியது. அன்றைக்கு அதன் கண்ணாடியில் எந்தப் பெட்டியும் மாட்டியிருக்கவில்லை.

அதனால் நீ தெரிந்து செய்தாயா தெரியாமல் செய்தாயா என்று எனக்கு எழுதாதே, ஃபோனிலும் சொல்லாதே, இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு இங்கே வைக்க இடமில்லை. புத்தாண்டுக்கு வந்துவிடு. என் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார், திரையைப் பார்க்காதே, என் விரலைப் பார், சின்ன வயதில் மேசைக்கு அடியிலிருந்து பார்ப்பாயே அப்படி. பார்த்து என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் சொல், நான் கோபப்பட மாட்டேன், பட்டாலும் எங்கே போய்விடப் போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மீனை விட்டுவிடாதே, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கிறது. வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, பயணப் பெட்டி ஒன்றே ஒன்றாக, அதுவும் கனமில்லாமல் இருக்கட்டும். ஹமடா ஸ்டேஷனில் இறங்கியதும் வழக்கம்போல வெளியே வந்து நம் காரைத் தேடாதே. மீன்காரன் அங்கே நிறுத்தியிருப்பான், பழக்கத்தில் கதவைத் திறந்துவிடப் போகிறாய். பஸ் எதிர்ப்புறம் நிற்கும், சாயந்திரம் ஒன்றுதான், தவறவிடாதே. இறங்குமிடத்திலிருந்து மேடு உனக்கே தெரியும், பாதி வழி வரைக்கும் நான் நடந்து வந்து நிற்கிறேன்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா கியொஹரு

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை வாய் தவறிவிடாதே.