தோட்டமில்லாத வீடு

திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம்
22-6-1969

அன்புள்ள மனோன்மணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகந்தான், உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்த்த பிறகுதான் அப்பாவுக்குச் சோறு இறங்கியது. அவருடைய இருமல் அப்படியேதான் இருக்கிறது. வால்பாறை மழையில் குடையில்லாமல் பள்ளிக்கூடம் போகிறாயாமே, சம்பளம் வந்ததும் முதலில் குடை வாங்கு.

பிள்ளைகளைத் தங்களைப் பற்றிச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். போன வருஷம் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். என் ஐந்தாம் வகுப்பில் ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் ‘வீட்டின் முன் அழகிய தோட்டம் உண்டு’ என்றுதான் தொடங்குவார்கள், பிள்ளையார்பாளையத்தில் எந்த நெசவாளி வீட்டில் தோட்டம் இருக்கிறது சொல். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நடந்து போங்கள், காலில் முதலில் எது படுகிறது, எது காதில் விழுகிறது, அதை எழுதுங்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தேன். தணிகாசலம் என்கிற நெசவாளியின் மகள் தேவகி ஒருத்திக்குத்தான் அது பிடிபட்டது. ‘மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், அம்மா சொம்பால் மொண்டு ஊற்றுவாள், அப்பா சும்மா உட்கார்ந்திருப்பார், தறிச் சத்தம் இல்லாததால் தங்கச்சி தூங்கமாட்டாள்’ என்று எழுதினாள். அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினேன்.

முழுப் பரீட்சையிலும் அதே தலைப்பு வந்தது, அவளும் அதையே எழுதிவிட்டாள். தாள் திருத்திய ஹெட்மாஸ்டர் கட்டுரைக்குச் சைபர் கொடுத்து, தமிழில் ஃபெயில் போட்டுவிட்டார். போய்க் கேட்டதற்கு, என்னாம்மா இது, வீட்டப் பத்தி எழுதச் சொன்னா வூட்டுக் கஷ்டத்த எழுதி வெச்சிக்கினு இருக்குது, தோட்டம் எங்க, காத்தோட்டம் எங்க, இன்ஸ்பெக்டர் பாத்தா சிரிப்பாரு என்றார். அவ்வளவும் உண்மை சார் என்றேன், உண்மைக்கு எந்தக் காலத்திலம்மா மார்க்கு போட்டாங்க என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். தோட்டம் போட்டவர்கள் எல்லாரும் பாஸ்.

தணிகாசலம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டுக்கே போய்ப் பேசினேன். அவர் கோபப்படவே இல்லை. குந்துங்கமா, அதுக்குப் படிப்பு ஏறல, இன்னா பண்றது, பாவு புணைக்கக் கை வேணும், இங்கியே இருக்கட்டும் என்றார். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் உங்கள் பெண்தான் என்றேன். அப்போ ஏம்மா ஃபெயிலு போட்டீங்க என்றார். தேவகி பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய பாவின் இழையோடு புது இழையைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் நானே கரும்பலகையில் தோட்டத்தை எழுதிப்போட்டேன், பிள்ளைகள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், ஹெட்மாஸ்டருக்குச் சந்தோஷம். நீயும் அப்படியே செய் என்று எழுதக் கை வரவில்லை, வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை. உன் எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று சொந்தமாக எழுதினால், பரீட்சையில் மட்டும் இப்படி எழுதாதே கண்ணு என்று முதலிலேயே சொல்லிவிடு. நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு, மழையைச் சாக்குச் சொல்லாதே. நீ நோய்நொடியில்லாமல் நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும், எனக்கு அது போதும்.

நேற்றுக் கடைத்தெருவில் தேவகியைப் பார்த்தேன், சாயங்காலம் வீட்டுக்கு வா, நானே சொல்லித் தருகிறேன், அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்றேன். வாணாம் டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தா மறுபடியும் ஃபெயிலாயிடுவேன் என்றாள்.

உன் அம்மா,
குணமாலா