வராத மாப்பிள்ளைகளுக்கு நன்றி

22-1-1990, திங்கள்

கேட் போட்டிருந்தது. நல்ல நாள்.

லெவல் கிராசிங்கில் கேட் போட்டால் ஊரே சலித்துக்கொள்ளும். நான் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கித் தலையைச் சரிசெய்துகொள்வேன். முப்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா மங்களாம்பிகை? தேவைதான். கேட் கீப்பர் நடராசன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "கூட்ஸுதான். ஏழு நிமிஷம் ஆவும்," என்றார், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி. அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரயில் சத்தத்தில் பழகிய தொண்டை.

ஒன்பது வருஷமாக எங்கள் பேச்செல்லாம் இந்த ஏழு நிமிஷங்களில்தான். இரண்டு தடவை முறையாகப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். இரண்டு தடவையும் என் அண்ணன் தியாகேசன் வாசலோடு அனுப்பிவிட்டார். சாதி ஒன்றுதான், சாதகமும் பொருந்தியது. குற்றம் என்னவென்றால், நடராசனின் அப்பா மருதையன் எங்கள் ஒத்தைப்பனை வயலில் எட்டு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொண்டால் லேசில் வெளியேற்ற முடியாது. மருதையன் முதல் ஆளாகப் போய்ப் பதிந்தார். அப்பா கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சில்லை.

"நம்ம நெலத்தப் புடிச்சுக்கிட்டவன் வூட்டுக்குப் பொண்ணும் குடுக்கணுமாக்கும்?" என்பது அண்ணன் கட்சி. அந்த நிலம் கைவிட்டுப் போனதாகவே கணக்கு எழுதிவிட்டார்.

இன்று ஆபீசில் மூன்று விடுதலைப் பத்திரம். பூதலூரில் பத்திரம் எழுதும் காதர் மைதீன் பாயிடம் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறேன். 'பிறந்த வீட்டுச் சீர் யாவும் பெற்றுக்கொண்டபடியால் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்று அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பத்திரம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

25-1-1990, வியாழன்

பாய் தஞ்சாவூரிலிருந்து கெஜட் ஒன்று கொண்டுவந்தார். "மங்களாம்மா, இதத் தமிழ்ல சுருக்கி நாலு காப்பி அடிச்சு வைங்க. வர்றவங்க கேப்பாங்க."

அடித்தேன். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும். 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு மட்டும் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் பாகம் பிரித்த சொத்திலும் கிடையாது.

விரல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கல்யாணமும் ஆகவில்லை!

வீட்டுக்கு வந்ததும் போன வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 25, சனி: 'பெண் பார்க்க வருவதாகச் சொன்ன சீர்காழிக்காரர்கள் வரவில்லை. செய்த கேசரியை நானே தின்றேன். முந்திரி போதாது.'

அட, என் சீர்காழி மாப்பிள்ளையே, நீ நல்லா இருப்பே! உனக்கு முன்னால் வராமல் போன திருவையாற்று வாத்தியாரும், வந்து பஜ்ஜியை மட்டும் காலி பண்ணிவிட்டுப் போன கும்பகோணத்துக்காரரும் நல்லா இருக்கட்டும். உங்களில் ஒருத்தர் சரி என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குழி நிலம்கூட மிஞ்சியிருக்காது. மொத்தம் இருபத்திநாலு மா. அப்பா, அண்ணன், நான். ஆளுக்கு எட்டு.

28-1-1990, ஞாயிறு

அண்ணனுக்கு என்ன ஆயிற்று? ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கே வாங்காத மனுஷன்.

சாப்பாட்டில் உட்கார்ந்து, "பாவம், எத்தன நாளைக்குத்தான் இவள இப்பிடியே வெச்சிருக்கறது? அந்த நடராசனையே பேசி முடிச்சிடலாம்னு பாக்கறேன்," என்றார். என் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. அப்பாவுக்குக் காது மந்தம். "யாரு, நடராசனா? மருதையன் மவனா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, நான்காவது தடவை ஜாங்கிரியைக் கேட்டார்.

மாசிக்குள் முடித்துவிட வேண்டுமாம். ஏன் இந்த அவசரம்? நமக்கென்ன, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது!

29-1-1990, திங்கள்

பல்லைப் பார்த்துவிட்டேன்.

காலையில் நான் கிணற்றடியில் இருந்தேன். அடுப்படியில் அண்ணன் அண்ணியிடம் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. "டீக்கடையில பேப்பர் படிச்சாங்க. கல்யாணம் ஆவாத பொண்ணுக்குத்தான் பங்காம், ஆனவளுக்குக் கெடையாதாம். போர் போட லோன் கேட்டா பேங்குல பாகப் பத்திரம் கேக்கறான். பத்திரம் போடறதுக்குள்ள இவள அனுப்பிடணும் தங்கமணி." அண்ணி "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஒம்பது வருஷம்யா! ஒம்பது வருஷமா நான் கேட்டப்பல்லாம் மானம் மரியாதைன்னு கத்தினியே, அந்த மானமெல்லாம் இப்ப எங்க போச்சு? எட்டு மாவுக்கு முன்னால பறந்துடுச்சா? — அழுதேன். வாளியை உதைத்தேன். கால் வலிக்கிறது.

பிறகு நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடையில் பாதிதான் படித்திருக்கிறார்கள், தேதியை விட்டுவிட்டார்கள். இனிமேல் நான் பத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் என் எட்டு மா என்னுடையதுதான். பத்திரக் கடையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்க மாட்டார். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடுமாம்!

30-1-1990, செவ்வாய்

சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் நாளைக்கே கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் ஏமாற்று இல்லையா? கூடப்பிறந்தவர்தானே.

பகல் பூராவும் யோசித்து ஒரு வழி கண்டேன். சட்டத்தை டைப் அடித்த காப்பி ஒன்றைக் கூடத்து அலமாரியில், ரேடியோவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டேன். ஒளிக்கவில்லை. கண் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

2-2-1990, வெள்ளி

கேட். பாசஞ்சர், ஆறு நிமிஷம்.

அவர் முகத்தில் கல்யாணக் களை இல்லை. "மங்களா, ஊர்ல பேசிக்கறாங்க. இப்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒனக்கு நெலத்துல பங்கு போயிடுமாமே? வேணாம். நீ மொதல்ல பங்க வாங்கிக்க. ஒம்பது வருஷம் நின்னவன் இன்னும் ரெண்டு வருஷம் நிக்க மாட்டேனா?"

உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இவரிடம் ரகசியம் சொன்னால் எஞ்சின் டிரைவருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் வேணாம். மாசியிலயே வெச்சுக்கலாம்," என்றேன்.

"நெலம்?"

"நெலம் எங்கயும் ஓடிப் போயிடாது. கேட்டைத் தொறங்க, ரயில் போயாச்சு."

10-2-1990, சனி

அலமாரியில் வைத்த காப்பியைக் காணோம். அண்ணியைக் கேட்டேன். "அந்தத் தாளா? அப்பள டின்னுக்குள்ள விரிச்சுட்டேன்." சட்டத்தின் மேல் அப்பளம். என் கடமை முடிந்தது.

அண்ணிதான் அண்ணனை விரட்டிக்கொண்டே இருக்கிறாள், பந்தலுக்குச் சொல்லியாச்சா, பத்திரிகை அடிச்சாச்சா என்று. என்னை அனுப்புவதில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

1-3-1990, வியாழன்

ஆயிற்று. நடராசன் தாலி கட்டும்போது, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டது கடைசிப் பந்தி வரைக்கும் கேட்டது. அப்பாவும் மருதையன் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலை. பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அப்பா தன் இலையிலிருந்த வாழைக்காய் வறுவலை அவர் இலைக்குத் தள்ளிவிட்டார். அப்பாவுக்கு வாழைக்காய் பிடிக்காதுதான். இருந்தாலும்.

5-3-1990, திங்கள்

கேட்டுக்குப் பக்கத்திலேயே ரயில்வே குவார்ட்டர்ஸ். இவருடைய குறட்டையும் ரயில்தான். சந்தோஷமாக இருக்கிறேன், வேறென்ன எழுத!

26-3-1990, திங்கள்

அண்ணன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தஞ்சாவூர் வக்கீலிடம் பாகப் பத்திரத்துக்குப் போயிருக்கிறார். "தங்கச்சிக்கு எப்பக் கல்யாணம் ஆச்சுன்னு கேட்டான். நான் பெரும மயிரா கல்யாணப் பத்திரிகைய எடுத்து நீட்டினேன். அவன் பாத்துட்டு, ரொம்ப நல்லதாப் போச்சு, போன வருஷம் மார்ச்சுல உங்க தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவலங்கறதுக்கு இத விட அத்தாட்சி வேணாம், பங்கு குடுத்தே ஆவணும்ங்கறான்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது. கலங்கியிருந்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"ஏன் சொல்லல?"

"நீங்க எதுக்கு இவ்வளவு அவசரமாக் கல்யாணம் பண்றீங்கன்னு என்கிட்ட சொன்னீங்களா?"

செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பிறகு, "சரி. விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடு," என்றார். பதினோரு வருஷமாக ஊரார் அக்கா தங்கைகளுக்கெல்லாம் நான் அடித்துக் கொடுத்த அதே பத்திரம்.

"மாட்டேன்," என்றேன். பக்கத்தில் நின்ற இவர் கொடியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

1-4-1990, ஞாயிறு

பேசி முடிக்க அப்பா கூப்பிட்டு அனுப்பினார். போனோம். அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டு கத்தினார். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டா! எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஊமக் கோட்டானாட்டம் இருந்திருக்கா!"

அண்ணி உள்ளே போய் அப்பள டின்னோடு வந்தாள். அடியிலிருந்து அந்தக் காப்பியை உருவி, உதறி, அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நானும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எட்டாவது வரைக்கும் படிச்சவதானே? மாசிக்குள்ள முடிங்க முடிங்கன்னு ஒங்கள வெரட்டினது யாருன்னு நெனச்சீங்க?"

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு எழுவத்தேழுல கல்யாணம். எங்கப்பா நெலத்துல எனக்கு ஒரு கைப்பிடி மண்ணு கெடையாது. அத விடுங்க. நமக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். இன்னிக்கு ஒங்க தங்கச்சி கையெழுத்து போட்டா, நாளைக்கு நம்ம பய அவன் அக்காங்க ரெண்டு பேரையும் இதே மாதிரி நிக்க வெச்சுக் கேப்பான். அத நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

பதிமூன்று வருஷமாக ஒரே அடுப்படி. புளிக்கும் உப்புக்கும் சண்டை போட்டிருக்கிறோம். இந்தத் தங்கமணியை எனக்குத் தெரியவே தெரியாது போலிருக்கிறதே! எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பள மாவு ஒட்டியது.

அண்ணன் தளர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பங்கு வேணும் ஒனக்கு? வாய்க்கால ஒட்டினதா?"

"ஒத்தைப்பனை எட்டு மா."

"எது? மருதையன்... ஒம் மாமனார் செய்யறதா?" போனதாக எழுதிவிட்ட நிலத்தையா கேட்கிறாள் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அதேதான்."

அப்பாவுக்கு நான் காதோடு சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் யோசித்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "அடி கெட்டிக்காரி! நான் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சும் அந்த மருதையன அசைக்க முடியல. இப்ப ஒனக்கு அவன் மாமனாரும் குத்தகைக்காரனுமா?"

20-4-1990, வெள்ளி

எங்கள் பாகப் பத்திரத்தை நானே டைப் அடித்தேன். 'நம்மில் 3 லக்கமிட்டவரான மேற்படியார் மகள் மங்களாம்பிகை' என்று வருகிற இடத்தில் இரண்டு தப்பு. "என்னம்மா, உங்க பேருக்கே ரப்பரா?" என்று பாய் சிரித்தார். பாகப் பத்திரத்தில் 'மகள்' என்று நான் அடிப்பது இதுதான் முதல் தடவை. அண்ணன் கையெழுத்துப் போட்டார். என்னோடு பேசவில்லை.

14-9-1990, வெள்ளி

ஒத்தைப்பனையில் நடவு. வாய்க்காலில் தண்ணீர் போதவில்லை. யாரும் கேட்காமலேயே அண்ணன் தன் புதுப் போரிலிருந்து மடையைத் திருப்பிவிட்டிருக்கிறார். இன்னும் பேச்சில்லை.

28-1-1991, திங்கள்

மாமா குத்தகை நெல்லோடு வந்தார். வண்டி அண்ணனுடையது; ஓட்டிக்கொண்டு வந்ததும் அண்ணன்தான். கேட் போட்டிருந்ததால் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பஸ், லாரி, சைக்கிள், ஏகக் கூட்டம்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் இவரிடம் கேட்டார்: "மூட்டைய எங்க எறக்கறது?"

இவர் கேட்டில் நின்றுகொண்டு, ரயிலுக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு கத்தல்: "என்னைய ஏன் கேக்கறீங்க மச்சான்? நெலத்துக்காரங்கள கேளுங்க!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அண்ணனின் உதடு ஓரமாகத் துடித்தது. கோபமா, சிரிப்பா என்று பார்த்தேன். சிரிப்புதான். வண்டியிலிருந்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எங்கம்மா எறக்கணும்?"

பத்து மாசத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கூடத்தைக் காட்டினேன். அவரும் இவரும் சுமந்தார்கள். மாமா மட்டும் நகராமல் நின்றார்.

"ரசீது குடும்மா. ஒங்கப்பா குடுக்க மாட்டாரு. அதுக்குப் பயந்துதான் பேரப் பதிஞ்சேன், வழக்கு மூண்டுச்சு."

எழுதிக் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தேதியெல்லாம் போட்டிருக்கியே," என்றார்.

"அதான் மாமா முக்கியம்," என்றேன். கூடத்தில் அண்ணன் காபி கேட்டார்.