நின்று தின்பவர் குழு

தோனோஸ்தியா,
1992 ஜனவரி 4, சனிக்கிழமை

அருமை நண்பன் கோல்டோவுக்கு,

முழங்கால் அறுவைக்குப் பின் உன் நலம் அறிய ஆவல். அதைவிட ஆவலாய் ஒரு செய்தி! கார்மெலே தன் கடையில் புதிய பிஞ்சோ ஒன்றை, ஒரே கடிக்கான தீனியை, படைத்திருக்கிறாள். விரல்நீள ரொட்டித் துண்டு, அதன்மேல் நண்டுச் சதை, அடுப்பில் ஒரு கணம் காட்டி மேலே பொரித்த பூண்டு. வாய்க்குள் கடலே வந்து இறங்குகிறது!

20ஆம் தேதி, திங்கள், ஊர்த் திருவிழா. வழக்கப்படி பகல் பன்னிரண்டுக்கு அவள் கடையில் தொடங்குவோம். கடைக்கு ஒரு கடி, ஒரு கிளாஸ் ஒயின், பிறகு அடுத்த கடை. நீயின்றி நம் குழு நகராது.

உன்
எவாரிஸ்தோ

*

விதோரியா,
ஜனவரி 8, செவ்வாய்

அன்புள்ள எவாரிஸ்தோ,

படித்ததும் எச்சில் ஊறியது, பாவி! ஆனால் நான் வரவில்லை. என்னால் நெடுநேரம் நிற்க முடியாது. நின்று தின்பவனே நம் குழுக்காரன் என்பது நீ இட்ட சட்டம். 1974இல் நம் குழுவிலிருந்த அந்தோன் ஒரு ஸ்டூலை இழுத்தபோது, "உக்காந்து திங்கணும்னா வீட்டுக்குப் போடா" என்று நீ கத்தினாய். அவன் பிறகு வரவேயில்லை. எனக்கு அந்த வழியனுப்பு வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன். என் இடத்துக்கு மருமகன் பெனாத் சனிக்கிழமை வருவான். பழக்கிவிடு.

கோல்டோ

*

தோனோஸ்தியா,
1992 ஜனவரி 13, திங்கட்கிழமை

அருமை கோல்டோ,

முதலில் ஒரு திருத்தம்: ஜனவரி 8 புதன்கிழமை.

உன் மருமகன் 11ஆம் தேதி வந்தான். வந்தவன் பெரிய தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் குவித்துக்கொண்டு, மூலை மேஜையில் உட்கார்ந்துவிட்டான்!

"என்ன தம்பி, கல்யாண விருந்தா?" என்றாள் கார்மெலே.

"பசிக்குதுக்கா."

"பசின்னா ஹோட்டலுக்குப் போ. இங்க வர்றது பேசுறதுக்கு."

கடையே சிரித்தது. நான் கத்துவதற்காகவே மேஜையை நெருங்கினேன். அவன் நிமிர்ந்து, "ஐயா, மாமா தினமும் சமையல் மேடையைப் புடிச்சுக்கிட்டு, கையில ஒயின் கிளாஸோட நின்னு பழகுறாரு. பத்து நிமிஷம் தாண்டலை. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு" என்றான்.

கோல்டோ, நான் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க! பெரியவரு உக்காந்துட்டாரு!" என்று கார்மெலே கூவினாள். கைதட்டல் வேறு.

உட்கார்ந்து தின்றாலும் நண்டு அதே நண்டுதான். நேற்று நம் வழியிலுள்ள கடைகள் அனைத்திலும் சொல்லிவிட்டேன்: 20ஆம் தேதி கவுண்டர் ஓரமாக இரண்டு ஸ்டூல்கள் இருக்கவேண்டும். அந்தோனுக்கும் சொல்லியனுப்பினேன். "மூணாப் போடச் சொல்லு" என்றானாம்!

வா.

எவாரிஸ்தோ

*

விதோரியா
(தேதியை நீயே போட்டுக்கொள்)

எவாரிஸ்தோ,

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெனாத்தும் வருகிறான், தட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான்.

ஒன்று மட்டும். கார்மெலேயின் நண்டை நான் நின்றுகொண்டுதான் தின்பேன். ஒரு கடிக்குப் பத்து நிமிடம் ஆகாது. அதுவரை நீயும் அந்தோனும் என் இருபுறமும் நில்லுங்கள். அப்புறம் மூவரும் சேர்ந்தே உட்காருவோம்.

கோல்டோ