அந்தப் பக்கத்து வாசல்கள்

பாளையங்கோட்டை
1914-ம் வருஷம் பெப்ருவரி மாதம் 9-ந் தேதி

பிரியமுள்ள மகன் ஞானசிகாமணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் தங்கச்சி சாலோமியும் சுகமாயிருக்கிறோம், பம்பாய்த் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று நீ எழுதவே இல்லை.

எழுதினதெல்லாம் அந்த விக்டோரியா ரயிலடியைப் பற்றித்தான். அதே கட்டடத்தை மூன்று விதமாக மாற்றி வரையச் சொன்னார்கள், நான் வரைந்ததில் உயிர் இல்லை என்று சித்திரப் பள்ளிக்கூடத்துத் துரை தள்ளிவிட்டார், படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன், இத்தோடு வருகிற தாள்களைக் கிழித்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கிழிக்கக் கை வரவில்லை ஐயா. மூன்றாவது தாளில் அவ்வளவு பெரிய ரயிலடியை நம் ஆற்றங்கரையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே, முன்னால் தண்ணீர், இரு கரையிலும் மருத மரம், நான் துணி துவைக்கிற கல் கூட இருக்கிறது. இந்தக் கைக்கா நான் சோறு உருட்டிக் கொடுத்தேன் என்று பார்த்துக்கொண்டே நின்றதில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

சாலோமி அதைக் கஞ்சிப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். உபதேசியார் சுவிசேஷமுத்து உள்ளே வந்தவர் பாட்டைத் தொடங்காமல் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு பைய கிட்டே போய் வாசல்களை எண்ணினார், ஒன்பது இருந்தது. வேதத்தில் சொன்ன பரம எருசலேம் இதுதான், நதி ஓடுகிறது, கரையில் ஜீவவிருட்சம் நிற்கிறது, வாசல் மட்டும் பன்னிரண்டு இருக்க வேண்டுமே என்றார். எல்லாரும் எழுந்து வந்து எண்ணினார்கள். உபதேசியார் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "மிச்ச மூணு வாசலும் அந்தப் பக்கமா இருக்கும் வே" என்றார். அது ரயிலடி என்று அப்பா சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "இருக்கும்" என்றார் அப்பா. அன்று ஜெபத்தில் ஒருவரும் கண்ணை மூடவில்லை, நானும் மூடாததால்தான் எனக்குத் தெரியும்.

துரை சொன்னதைச் சொல்லிவிட்டுப் போகட்டும், அவர் இந்த முகங்களைப் பார்க்கவில்லை. தாளை நான் கிழிக்க மாட்டேன், நீயும் இப்போது வராதே. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு கடல்காற்றில் திரியாதே. ஆண்டவர் உன் கையைத் திடப்படுத்தி ஆசீர்வதிப்பாராக.

அடுத்த கூட்டமும் நம் வீட்டில்தான் வேண்டும் என்று உபதேசியார் கேட்டிருக்கிறார். ஆகையால் மறந்துவிடாதே, அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தையும் வரைந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
கெசியா