உழக்கிக் கேட்ட பாட்டு

போன கிழமை உன் மகள் ரொறன்ரோவிலிருந்து வந்து, உன் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கென்று நம் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். இலத்தீன் வரிகள், நம் காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் மெட்டு, ஐரோப்பியப் பாடகர் குழு. எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

யுத்தத்தால் மின்சாரமில்லாத ஆண்டுகளில் அந்தப் பாட்டு என் சைக்கிளிலிருந்துதான் வந்தது. குருநகரில் உன் வீட்டு விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்திருந்தாய். நீ கோயில் பாடகர் குழுவின் தலைவன், ஆகவே கேட்பாய். நான் உரும்பிராய்ச் சைவன், ஆகவே பெடலை உழக்குவேன். வேலைப் பிரிவினையில் நமக்குத் தகராறு இருந்ததில்லை.

இருந்தது ஒரேயொரு ஒலிநாடா. ஒரு பக்கம் தேவாலயப் பாட்டுகள், மறுபக்கம் மேடைக் கச்சேரிக்கென்று எழுதிய டாங்கோ. டாங்கோவுக்குச் சாப்பிட்ட கால் வேண்டும். அதனால் பெரும்பாலும் தேவாலயத்தையே கேட்டோம். நான் களைக்கக் களைக்க நாடா மெதுவாகி, பாடும் பெண்களின் குரலுக்குத் தடிமன் பிடிக்கும்; கடைசியில் எல்லோரும் ஆண்களாகிவிடுவார்கள். நீ கண்ணைத் திறக்காமலே சொல்வாய்: “உழக்கு மச்சான், வள்ளம் தாழுது.”

நம் பாட்டு அந்தப் பக்கத்தில் கடைசி, என் கால் ஓயும் நேரம். அதை அதே வேகத்தில் உன் குழுவுக்குப் படிப்பித்தாய். மூச்சு முட்டுகிறது என்றவர்களிடம், வெள்ளைக்காரருக்கு முட்டவில்லையே என்றாய். பிறகு அங்கே யார் செத்தாலும் அந்தப் பாட்டுத்தான். அத்தனை பேரும் என் காலின் வேகத்தில் அடக்கமானார்கள். போன வருடம் நீயும்.

மின்சாரம் வந்தபின் ஒருமுறை அதைச் சரியான வேகத்தில் கேட்டோம். பாதியில் நிறுத்தினாய். “இவங்களுக்கு என்ன அவசரம்?” என்றாய். அதன்பின் நீ அந்த நாடாவைத் தொடவில்லை, குழுவையும் திருத்தவில்லை.

இப்போது உன் மகள் திருத்துகிறாள். “அப்பா ஏன் மாமா இப்பிடி இழுத்துப் படிப்பிச்சவர்?” என்று கேட்டாள். டைனமோவை, சைக்கிளை, என் காலை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஒருமுறைக்கு மட்டும் பழையபடி பாடவிடும்படி கேட்டேன். அவள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

“உங்கடை பகிடியளுக்காகவே அப்பா இருந்திருப்பார்.”

ஆயுள் முழுக்க முகம் மாறாமல் பகிடிக்குப் பொய் சொன்னவனிடம், உண்மை சொல்வதற்கென்று வேறு முகம் இல்லை. தவிர, அவள் சொல்வது சரி. இசையமைப்பாளரும் அவள் பக்கம்தான். என் பக்கம் ஒரு சைக்கிள் மட்டும்.

நேற்றுத் திருப்பலியில் கடைசி வாங்கிலில் சாய்ந்து இருந்தேன். குழு புதிய வேகத்தில் பாடியது. அழகாக இருந்தது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வாங்கிலுக்குக் கீழே என் கால் தானாகவே பழைய வேகத்தில் அசையத் தொடங்கியது. பக்கத்திலிருந்தவர் மரியாதையாகத் தள்ளி இருந்தார்.

அவர்கள் பாடி முடித்து இருந்துவிட்டார்கள். சுவாமியார் அடுத்த செபத்தைத் தொடங்கினார். என் காலில் பாட்டு பாதிதான் போயிருந்தது. மீதியை உழக்கிக்கொண்டிருந்தேன், நீ இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.