பாக்கு மாற்றிய பிறகு

பிப்ரவரி 9
என் மகன் சந்திரன் எனக்குச் செய்த அநியாயம் இது. என்னோடு பாக்கு மாற்றிக்கொண்ட வெள்ளையம்மாளை, மச்சினி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தன் மாமியாரிடம் 'அப்பாவுக்குச் சமைச்சுப் போட வர்றவங்க' என்று சொல்லிவிட்டான். அவள் எதிரிலேயே. அவள் கையில் புளி உடைக்கிற கட்டை இருந்தது. யாரையும் அடிக்கவில்லை. பெருந்தன்மை.

ஊர் கூடி, அவள் அண்ணன் கோபால்சாமி தட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு மாற்றினோம். எங்கள் மலையில் அதுவே பாதிக் கல்யாணம், வைகாசியில் தாலி. சந்திரனின் மச்சினி வெண்ணிலாவுக்குப் போளூர் மண்டபத்தில் மோதிரம் மாட்டினார்கள். அன்றிலிருந்து அவள் 'நிச்சயமான பொண்ணு'. தலை நரைத்தால் மட்டும் அந்தச் சொல் ஆகாதோ?

பிப்ரவரி 10
சந்திரனைப் போனில் கேட்டேன்.

"இந்த வயசுல நிச்சயம்னா சிரிப்பாங்கப்பா. துணைன்னு சொல்லிக்கலாம்."

துணைக்கு நாய் இருக்கிறதே.

பிப்ரவரி 12
பள்ளிக்கூடம் நான் போனதில்லை. சந்தையில் வாங்கிய பழைய அகராதிதான் என் வாத்தியார். 'நிச்சயதார்த்தம் - திருமண உறுதி' என்கிறது. வாயில் பல் இருக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை.

பிப்ரவரி 15
இன்றும் வெள்ளையம்மாள் வரவில்லை.

பிப்ரவரி 16
மருமகள் ரேணுகாதேவி போன் செய்தாள். தங்கச்சி வெண்ணிலா கல்யாணத்துக்கு அந்தச் சமைக்கிற அம்மாவையும் கூட்டி வர வேண்டுமாம். பந்தியில் பரிமாற ஆள் பத்தவில்லையாம்.

வாயில் வந்ததை எழுதினால் நோட்டு பற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி 17
வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனேன். தட்டில் பாக்கைத் தயாராக வைத்திருந்தாள். திருப்பி வாங்கிக்கொண்டால் எல்லாம் முறிந்தது. வாங்கவில்லை. அகராதியைப் பற்றி ஆரம்பித்தேன்.

"உங்க பொஸ்தகத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உங்க புள்ள அப்டிச் சொன்னப்ப நீங்களும் அங்கதான குந்தினு இருந்தீங்க. வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

அகராதிப் பேச்சை அதோடு விட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறாளாம். அங்கே அவள் யார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாக்கு என் மடியில்.

பிப்ரவரி 22
மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சந்திரனின் மாமியார் வெள்ளையம்மாள் கையில் சாம்பார் வாளியைத் திணித்தார். வெள்ளையம்மாள் என்னைப் பார்த்தாள். வாளியைப் பிடுங்கினேன்.

"சம்மந்தி, இவங்க எனக்கு நிச்சயமான பொண்ணு. பாக்கு மாத்தியாச்சு. இவங்க எல போட்டு உக்காருவாங்க. பரிமாற ஆளு இல்லன்னா நான் இருக்கறேன்."

சந்திரன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். பாதி சாம்பார் யாரோ ஒருவர் வேட்டிக்குப் போனது. முதல் பந்தியில் உட்கார்ந்து வெள்ளையம்மாள் கேட்கிறாள்: "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாப்ள."

மண்டபமே சிரித்தது. சிரிக்கட்டும்.

பிப்ரவரி 23
வைகாசிக்கான வேலைகள்.
கோபால்சாமி: பந்தலுக்கு மூங்கில். வெள்ளையம்மாள் பாக்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டாளா என்று பார்த்துச் சொல்லவும்.
சந்திரன்: பத்திரிகை அடிக்க. மேலே 'முருகன் துணை' போடலாம். வேறெங்கும் அந்தச் சொல் வரக்கூடாது.
ரேணுகாதேவி, அவள் அம்மா: பந்தியில் பரிமாற.
நான்: 'இவங்க யாரு' என்று எவர் கேட்டாலும், அடுத்தவன் முந்துவதற்குள் வாயைத் திறக்க.