தலை நனையாத ராணி

சிவப்புத் தரைமெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான் வந்ததடி. நம் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை பங்களா இப்போது ஹோட்டல். கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் அந்த இளவயசு வெள்ளைக்கார ராணியின் சிலையை. அதே வெள்ளைக்கல் மூஞ்சி, அதே தூக்கின மூக்கு. மார்புக்குக் கீழே ஒன்றுமில்லை. நமக்கெல்லாம் முட்டி தேய்ந்துவிட்டது, மகாராணிக்கு மட்டும் இன்னும் பதினெட்டுதான்.

அப்போது அவள் பங்களா வாசலில் ரோஜாச் செடிகளுக்கு நடுவே இருந்தாள். மழையில் பாசி பிடிக்கிறது என்று துரை நாலு கம்பு நட்டு அவளுக்குப் புதுத் தகரம் போட்டார். லயத்து வரிசையில் உன் ஒற்றை அறைக் காம்பரா ஒழுகுவதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சொல்லிச் சொல்லி நீ அலுத்திருந்த நேரம் அது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. தகரம் வந்தால் பார்க்கலாம் என்றே கணக்குப்பிள்ளை சொல்லிவந்தார். வந்த தகரம் எங்கே போனதென்று பார்த்தோமே.

நீ பட்டப்பகலில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே போய், ராணி தலைக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றிச் சுமந்து வந்து உன் கூரையில் ஏற்றினாய். பறக்காமலிருக்க நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து கத்தினார். நீ கூரையிலிருந்து இறங்கவேயில்லை.

“அவ கல்லுங்க ஐயா, நனஞ்சா தொடைச்சுக்கலாம். எம்புள்ளைக்கு நெஞ்சு கட்டிருச்சு.”

மறுநாளே தகரம் திரும்பப் போனது. அதோடு விட்டார்களா? சிலைக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். உனக்காகப் பேசப்போகிறார் என்று நம்பினோம், வெட்கக்கேடு. ஒரு கும்பிடுதானே, போட்டுத் தொலையேன் என்றார்.

“கையே இல்லாதவளுக்கு நான் கையெடுக்கணுமா? போங்கண்ணே.”

அவ்வளவுதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹட்டனில் கொழும்பு ரயில் ஏறினாய். யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்தே அந்தப் பிள்ளையை ஆளாக்கினாய். போன மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய் என்று அவள்தான் போனில் சொன்னாள். கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்றைக்கு இங்கே வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கப் பழைய கொழுந்துக்காரி ஒருத்தி வேண்டுமாம். என் மகன் இந்த ஹோட்டல் சமையலறையில் வேலை செய்வதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஜரிகைச் சேலை, பளபளக்கிற கூடை. இந்தக் கோலத்தில் எவள் மலையேறினாள்? தோட்டத்து ஜனங்கள் ராணியைச் சாமியாகக் கும்பிட்டார்கள் என்று மேனேஜர் வந்தவர்களிடம் கதை அளந்தார். நாம் கும்பிட்ட மாடசாமி மரத்தடியில் மழையிலேதான் இருந்தார். அது தெரியுமா இந்தப் புத்திசாலிக்கு?

சும்மா படத்துக்குத்தான், ராணியைக் கும்பிடுகிற மாதிரி நில்லுங்கள் என்றார் மேனேஜர். கதவோரம் என் மகன் கண்ணால் கெஞ்சினான். அவன் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் போட மாட்டேன் என்று நீ காம்பராவையே விட்டுப்போன கும்பிடை, நான் ஒரு படத்துக்காகவா போடுவேன்?

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இப்பிடித்தான் நிப்பேன். எடுக்கிறதுன்னா எடுங்க தம்பி.”

எடுத்தார்கள். நாளைக்கு மகனைக் கூப்பிட்டு என்ன சொல்வார்களோ தெரியாது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டின திமிர் இது, இனி என்னைவிட்டுப் போகாதடி.